ஓரா மீன் நாறுகிறதா, நாம் நாற விடுகிறோமா?

வாசகர் கேள்வி (மார்ச் 3, 2024)

மதுரையில் ராமேஸ்வரத்து மீன் என்று சொல்லி விற்றார்கள். ஒரு கிலோ ஓரா வாங்கினேன். வீட்டில் வயிற்றைக் கீறியதும் மருந்துக்கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாடை. மஞ்சள், புளி, எலுமிச்சை எதற்கும் அது மசியவில்லை. குழம்பைக் கொட்டிவிட்டோம். கெட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார்களா, இல்லை இந்த மீனே இப்படித்தானா? முள்ளில் விஷம் என்று வேறு பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். விஷமுள்ள மீனை எப்படி விற்கிறார்கள்?

மார்ச் 3, இரவு

விஷத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விஷம் முள்ளில் மட்டும் இருக்கிறது, சதையில் இல்லை. தேவிபட்டினத்தில் பிறந்து நடக்கப் பழகிய நாளிலிருந்து ஓரா தின்று வளர்ந்தவன் நான், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். உயிருள்ள மீனைக் கையால் பிடித்தால் குத்தும், கடுக்கும். செத்த மீனின் முள்ளுக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை.

இனி வாடை. உங்களுக்குக் கிடைத்தது கெட்ட மீன் அல்ல, கெட்ட வயிறு. ஓரா புல் மேய்கிற மீன். ஆவுளியா, அதாவது கடற்பசு, எந்தக் கடற்புல்லைத் தின்கிறதோ அதையேதான் இதுவும் தின்கிறது. பச்சையைத் தின்று வயிற்றில் புளிக்க வைத்திருக்கும் பிராணி அது. செத்த பிறகும் உள்ளே புளிப்பு நிற்காது. குடல் இளகி, வயிற்றுச் சுவர் கரைந்து, வாடை சதைக்குள் இறங்கிவிடும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்துவிட்டால் ஓராவைப் போல வெள்ளையான, இனிப்பான சதை விரிகுடாவில் அதிகம் கிடையாது. குடலோடு ஐஸ் பெட்டியில் அடுக்கி மதுரை வரை கொண்டுவந்து, மறுநாள் வெட்டிவிட்டு, மீன் மேல் பழி போடுகிறோம்.

அடுத்த முறை வாங்கும்போது வயிற்றை அழுத்திப் பாருங்கள். விரல் பள்ளம் அப்படியே நின்றால் வாங்காதீர்கள்.

மார்ச் 4

"வெள்ளாடு மாதிரி எல்லாப் பச்சையையும் கடிக்கும் மீனா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் முயல் மீன் என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். வாய் சின்னது, மேலுதடு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், ஒரே வரிசையில் குட்டிக் குட்டி வெட்டுப்பற்கள். எதையோ மென்றுகொண்டே யோசிக்கிற முகம். சிலருக்கு அந்த முகம் பிடிக்காது. எனக்கு எங்கள் கணக்கு வாத்தியாரின் நினைவு வரும்.

மார்ச் 10

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மார்ச் 3-இல் எழுதியதில் ஒரு வரியை வாபஸ் வாங்குகிறேன்.

இன்று காலை அரிவாள்மனையில் உட்கார்ந்து ஓரா வெட்டினேன். செத்து ஐந்தாறு மணி நேரமான மீன், ஐஸில் கிடந்தது. வழுக்கியது. பிடியை மாற்றும்போது முதுகு முள் ஒன்று கட்டைவிரலின் சதைப்பகுதியில் இறங்கியது. ஊசி குத்தியது போலத்தான் முதலில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் விரலுக்குள் யாரோ கட்டை அடிப்பது போல ஆரம்பித்தது. பிறகு மணிக்கட்டு வரை ஏறியது.

காரணம் எளிது. தேளைப் போல விஷத்தைப் பாய்ச்சுகிற கொடுக்கெல்லாம் ஓராவுக்கு இல்லை. ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் விஷச் சுரப்பி படிந்திருக்கிறது. மேலே மெல்லிய தோலுறை. முள் நம் சதையில் இறங்கும்போது உறை கிழிகிறது, விஷம் தானாகக் காயத்தில் இறங்குகிறது. இதற்கு மீனின் சம்மதம் தேவையில்லை. ஆகவே செத்த மீனும் குத்தும்.

எங்கள் அத்தை சொல்லும் வைத்தியம்தான் கை கொடுத்தது. வெந்நீர். அந்த விஷம் புரதம், சூட்டில் முறிந்துவிடும். ஏறக்குறைய 45 டிகிரி, கை தாங்குகிற அளவு, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். சூட்டைப் பார்ப்பதற்குக் குத்துப்படாத கையை விடுங்கள். குத்துப்பட்ட விரலுக்கு வலியைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வெந்தாலும் தெரியாது. முள் நுனி உள்ளே முறிந்திருந்தாலும், மறுநாளும் வீக்கம் வற்றாவிட்டாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். எனக்கு நாற்பது நிமிடத்தில் அடங்கியது. மானம் அடங்கவில்லை.

மார்ச் 11

"மொத்தம் எத்தனை முள்?" என்று ஒருவர் கேட்டார். ஒரு மீன் மிச்சம் இருந்தது. எண்ணினேன்: முதுகில் 13, அடியில் பின்பக்கத் துடுப்பில் 7, இடுப்புத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக 2. மொத்தம் 22.

மார்ச் 11, மாலை

22 தவறு என்று அவரே வந்து சொல்லிவிட்டார், 24-ஆம். விடை தெரிந்துகொண்டு கேள்வி கேட்பவர்களை வகுப்பில் உட்கார வைத்தே பழகியவன், இப்போது நான் பெஞ்சு மேல் நிற்கிறேன்.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். மீனை மல்லாக்கப் போட்டு, இடுப்புத் துடுப்பைக் கத்தி முனையால் மெதுவாக வயிற்றிலிருந்து விலக்கினால்தான் தெரிகிறது. வெளி ஓரத்தில் ஒரு முள், நடுவில் மூன்று மெல்லிய கதிர்கள், உள் ஓரத்தில் இன்னொரு முள். அந்த உள் முள்ளை ஒரு சவ்வு வயிற்றோடு ஒட்டி வைத்திருக்கிறது. இரண்டு முள்ளுக்கு நடுவில் மூன்று கதிர் என்ற இந்த அமைப்பு ஓராக் குடும்பத்தைத் தவிர வேறு எந்த மீனுக்கும் இல்லை. சந்தையில் எது ஓரா என்று சந்தேகம் வந்தால் இதைப் பார்த்தால் போதும். முப்பது வருடமாக இந்த மீனை வெட்டுகிறேன், அந்த உள் முள்ளை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 12

25. முதுகுத் துடுப்புக்கு முன்னால், கழுத்தை ஒட்டி, தலையை நோக்கிப் படுத்தபடி தோலுக்குள் ஒரு குட்டி முள் புதைந்திருக்கிறது. தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் நகம் தட்டும். இதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 17

இன்னொரு வரியையும் திருத்த வேண்டும், இது பெரியது. ஆவுளியா தின்கிற புல்லையே ஓராவும் தின்கிறது என்று எழுதினேன். பார்க்காமல் எழுதியது. ஊரில் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். கரைக்கு வந்து சேர்ந்த வள்ளத்திலேயே நான்கு மீன் வாங்கி அங்கேயே கீறினேன். குடலை நீட்டி வைத்தால் மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. கடிகாரச் சுருள் போலச் சுற்றி வைத்திருக்கிறது. முன்பகுதியைப் பிளந்து ஒரு வெள்ளைத் தட்டில் கடல் தண்ணீர் விட்டு அலசி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் நூல் போன்ற பாசி. பழுப்பு, பச்சை, கொஞ்சம் சிவப்பு. இடையிடையே கடற்புல் துண்டுகளும் இருந்தன, கத்தரித்தது போலச் சதுரமாக. அந்தத் துண்டுகளின் விளிம்பில் அதே பாசி ரோமம் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

கடற்புல்லின் இலையில் பாசி படர்கிறது. வயதான இலையில் அதிகம், தடவினால் வெல்வெட் போல இருக்கும். ஓராவின் கண் அந்த வெல்வெட்டின் மேல். மேயும்போது இலையும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிடுகிறது. என் நான்கு மீனில், குடலின் கடைசிப் பகுதியில் நூல் பாசியைக் காணவில்லை, கரைந்துவிட்டது. புல் துண்டுகள் மட்டும் ஏறக்குறைய பச்சையாகவே மிஞ்சியிருந்தன. நான்கு மீனை வைத்துச் சட்டம் போட முடியாது. பாசி குறைந்த இடத்தில் ஓரா புல்லையும் நன்றாகவே மேய்கிறது. ஆனாலும் ஆவுளியாவோடு அதை ஒரே பந்தியில் உட்கார வைத்தது தவறு. ஆவுளியா புல்லை வேரோடு பிடுங்கித் தின்கிறது. ஓரா புல்லுக்குச் சவரம் செய்துவிடுகிறது. பாசி மண்டினால் இலைக்கு வெளிச்சம் போகாது. ஆக, ஓராவின் பசி புல்லுக்கும் கொஞ்சம் உபகாரம்தான்.

மார்ச் 17, சற்று நேரம் கழித்து

கேள்வி கேட்டவருக்குத் தேவையான விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த நான்கு மீனில் இரண்டு விடியற்காலையில் கூட்டில் (கடலடியில் வைக்கும் மீன் பொறியில்) ஏறியவை, இரண்டு முந்தைய நாள் மாலை வலையில் பட்டவை. கூட்டு மீனின் வயிறு காலி, மாலை மீனின் வயிறு கல் போல. ஓரா பகலில் மேய்கிறது, இரவில் தூங்குகிறது. விடியும்போது வயிற்றில் ஒன்றும் இருக்காது. நேற்றைய மாலை மீன் இரண்டும் உங்கள் மருந்துக்கடை வாடையோடுதான் இருந்தன. விடியல் மீனில் வாடையே இல்லை.

அத்தை சந்தையில் "கூட்டு ஓராவா, வலை ஓராவா?" என்று கேட்டு வாங்குவார். கூட்டு மீன் உயிரோடு வரும், அதனால் கேட்கிறார் என்று இத்தனை நாள் நினைத்தேன். காலி வயிற்றுக்காகக் கேட்டிருக்கிறார். நேரில் சொன்னேன். "இதுக்குத்தான் கண்ணாடி வச்சுப் பார்த்தியா?" என்றார்.

மார்ச் 20

கூடு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மீன் உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது என்ற வகையில் பின்னிய பொறி. கடலடியில் பார் (பாறைத் திட்டு) ஓரமாகவும் புல் ஓரமாகவும் இறக்கிக் கல் கட்டி வைப்பார்கள். ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் பரம்பரையாக நடக்கும் தொழில். ஓராவோடு விளைமீன், களவா, கிளிமீன் எல்லாம் ஏறும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான் சந்தைக்கு வரும். ஓரா வாங்கிப் பழகுவதற்கு அதுவே தோதான நேரம்.

மார்ச் 24

பெயர்ச் சண்டை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் தங்கள் வீட்டில் ஓரா என்றும் ஒட்டி என்றும் இரண்டு பெயர் புழங்குவதாகச் சொல்கிறார். சிங்களத்திலும் ஓராவா என்றுதான் பெயர். நீரிணைக்கு இரண்டு பக்கமும் மீன் ஒன்று, பெயரும் ஒன்று.

நம் கரையில் நான் பார்ப்பது முக்கியமாக இரண்டு வகை. உடம்பெல்லாம் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி போட்டது ஒன்று. மேலே புள்ளியும் கீழே அலை அலையாகக் கோடும் ஓடுகிற, உடம்பு பெரிதான வகை இன்னொன்று. முதல் வகைக்கு 1797-இல் அறிவியல் பெயர் வைத்தவர் மங்கோ பார்க். ஆம், நைஜர் ஆற்றைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போன அதே ஸ்காட்லாந்துக்காரர். அதற்கு முன் கப்பலில் உதவி மருத்துவராகச் சுமத்ராவுக்குப் போய்வந்து, அங்கே பார்த்த எட்டு மீன்களை விவரித்து எழுதினார். அவற்றில் ஒன்று நம் ஓரா. அவருக்கும் விரலில் குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மார்ச் 29

"புல் தின்கிற மீனில் என்ன சத்து இருக்கப்போகிறது? ஒமேகா கொழுப்பு வேண்டுமானால் சாளைதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாளையைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஓரா விஷயத்தில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கடல்மீன்கள் அந்த நீண்ட ஒமேகா கொழுப்புகளைச் சொந்தமாகச் செய்வதில்லை. தாங்கள் தின்னும் சின்ன மீனிலும் இறாலிலும் இருப்பதைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பச்சை தின்னும் ஓராவுக்கு அந்த வசதி இல்லை, அதனால் உள்ளேயே செய்துகொள்கிறது. முதுகெலும்பிகள் எல்லாம் அதைச் சுற்றுவழியில்தான் செய்கின்றன என்று நம்பியிருந்தார்கள். நேர்வழியில் செய்கிற நொதி ஒரு முதுகெலும்பியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இந்தப் புள்ளி ஓராவில்தான், 2010-இல் வெளியானது. கணக்கு வாத்தியார் முகத்துக்குப் பின்னால் ஏதோ ஓடுகிறது என்று நான் சொன்னேன் இல்லையா?

ஏப்ரல் 2

சொல்லவில்லை. மேலே போய்த் தேடிப் பார்த்தேன். முகம் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 6

பாசி வளர்க்கிற ஒரு சகோதரி கோபமாக எழுதியிருக்கிறார்: "உங்களுக்கு ஓரா இனிப்பு, எங்களுக்குத் திருடன்." நியாயம்தான். மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கட்டி, 45 நாளில் அறுக்கிறார்கள். மிதவைக்கு அடியில் வலை கட்டுவதே ஓரா மாதிரியான மேய்ச்சல்காரர்களைத் தடுக்கத்தான். வலையில் ஒரு கிழிசல் இருந்தால் போதும். ஒரு கூட்டம் உள்ளே புகுந்து நுனி நுனியாகக் கொறித்துவிட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் தண்டு குச்சி குச்சியாகத் தொங்கும்.

ஓராவின் பசியை நான் உபகாரம் என்று எழுதியது நம் விரிகுடாவின் புல்வெளிக்குச் சரி. எல்லா இடத்துக்கும் சரியில்லை. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் செங்கடல் ஓரா இனங்கள் இரண்டு மத்தியதரைக் கடலுக்குள் போய்விட்டன. அங்கே கிழக்குப் பகுதியில் பாறைகள் மேல் காடு போல வளர்ந்திருந்த பாசியை மொட்டையடித்து வெறும் பாறையாக்கிவிட்டன. அந்தப் பாசிக்கு இப்படி ஒரு வாயைச் சந்தித்துப் பழக்கம் இல்லை.

ஏப்ரல் 13

புத்தாண்டுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று இரவு மாமா மகனோடு முழங்கால் தண்ணீரில் டார்ச் அடித்துக்கொண்டு புல்வெளி ஓரமாக நடந்தேன். காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி.

தூங்குகிற ஓராவைப் பார்க்க வேண்டும். பகலில் பார்த்த மீன் இல்லை அது. பகலில் சாம்பலும் ஆலிவ் பச்சையும் கலந்த ஒரே சீரான உடம்பு. இரவில் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக, நனைந்த கோணிப்பை போல. புல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது, முள் அத்தனையும் விரித்தபடி. வெளிச்சம் பட்டதும் நகரவில்லை. தன்னைக் காணவில்லை என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. டார்ச்சை இன்னும் அருகில் கொண்டுபோனேன். கண் மட்டும் திரும்பியது. பிறகு சில நொடிகளில் அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றாக மங்கி, பகல் நிறம் ஏறி, மீன் கிளம்பிப் போய்விட்டது. இடத்தை மாற்றுவதற்கு முன் சட்டையை மாற்றிக்கொண்டது.

மாமா மகன் பிடிக்கலாமா என்று கேட்டான். என் கட்டைவிரலைக் காட்டினேன்.

ஏப்ரல் 14

ஓராக்குஞ்சு பற்றிக் கேட்டிருந்தவருக்கு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சில வாரம் நடுக்கடலில் மிதவையுயிரி தின்று திரியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதும் கூட்டம் கூட்டமாகக் கரையோரப் புல்லுக்கு வந்து இறங்கும். அதுவரை அதற்குக் குட்டைக் குடல், பச்சை தின்னத் தொடங்கியதும்தான் நீள்கிறது.

ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் இந்தக் குஞ்சுக்குச் சுகு என்று பெயர், நம் சுக்கு இல்லை. அவர்களுடைய சந்திர நாள்காட்டியின் ஆறாம் மாதப் பிறப்பை ஒட்டிக் கரைக்கு வரும், வலையோடு காத்திருப்பார்கள். பாசியில் வாய் வைப்பதற்கு முன் பிடித்தாக வேண்டும். ஒரு முறை மேய்ந்துவிட்டால் வயிற்றில் வாடை ஏறிவிடும், உப்பில் ஊற வைக்க உதவாது. பிடித்ததை உப்பிலிட்டு, சோயாக்கட்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துத் தின்கிறார்கள். மார்ச் 3-இல் நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒகினாவாக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்துப் பதில் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 21

ஆவுளியாவைப் பற்றி இங்கே பேசாதீர்கள் என்று ஒருவர். பேசாமல் முடியாது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். புல் இருக்கும் இடத்தைக் காப்பாற்றினால் அங்கே வளரும் ஓராக்குஞ்சுக்கும் சேர்ந்துதான் இடம் கிடைக்கிறது. ஓரா பெயரில் யாரும் பாதுகாப்பகம் அறிவிக்கப்போவதில்லை. அந்த முகத்துக்குச் சுவரொட்டி அடிக்க முடியாது.

ஏப்ரல் 28

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். தடைக்காலத்தில் நாட்டுப்படகு ஓராவைக் கேட்டு வாங்கினாராம், கடையிலேயே குடலை எடுக்கச் சொன்னாராம். பொரித்தார்கள், வாடை இல்லை, பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். கடைசி வரியில், கழுவும்போது மோதிர விரலில் ஏதோ குத்திவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

25-இல் எந்த முள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கை வெந்நீரில் இருக்கும்.